உடன்படிக்கையை மறித்தால் அக்காவின் வேலை போய்விடுமா?

இலங்கை பல நாடுகளோடு சுதந்திர வர்த்தக உடன்படிக்கைக்குப் பேசிக்கொண்டிருக்கிறது. மனித உரிமையையும் தொழிலாளர் உரிமையையும் காரணம் காட்டி அதை எதிர்ப்பவர்கள் உள்ளூரிலும் இருக்கிறார்கள், வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். உங்கள் அக்கா விடியமுன் திருகோணமலையில் பஸ் ஏறி கார்மென்ட் வேலைக்குப் போகிறவர். இந்த எதிர்ப்பு வென்றால் அவருடைய வேலை போய்விடாதா, அப்படியென்றால் இது யாருக்கான எதிர்ப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். வர்த்தகம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்துக்குள் நீங்கள் போகவில்லை. எங்கள் பெயரைச் சொல்லி யாரோ ஒருவர் ஓர் ஒப்பந்தத்தை மறிக்கும்போது, அதற்கான விலையை எங்கள் வீட்டில் யார் கொடுப்பது என்பதுதான் உங்கள் கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் படித்தது சட்டம், அதிலும் வர்த்தகச் சட்டம். ஆனால் பதினெட்டு வருடமாகச் செய்துவருவது திருகோணமலையில் தொழிலாளர்களுக்குச் சட்ட உதவி. ஊழியர் சேமலாப நிதி கட்டாத முதலாளி, காரணம் சொல்லாமல் நிறுத்தப்பட்டவர், விபத்து நட்டஈடு, இப்படித்தான் என் நாட்கள் போகின்றன. பொருளியல் எனக்குத் தெரியாது. ஓர் உடன்படிக்கையால் எத்தனை வேலை வரும், எத்தனை போகும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல என்னால் முடியாது. அப்படித் துல்லியமாகச் சொல்கிறவர்களையும் நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்பேன். ஒப்பந்த வாசகத்தில் என்ன எழுதியிருக்கிறது, அது தொழிற்சாலை வாசல்வரை வந்து சேர்கிறதா என்பதைப் பற்றி மட்டும் எனக்குச் சொல்ல இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அக்காவின் வேலையோடு இன்று நேரடியாகத் தொடர்புடையது சுதந்திர வர்த்தக உடன்படிக்கை கிடையாது. அது ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை. பேச்சில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறோம். ஜீ.எஸ்.பி. பிளஸ் ஒருபக்கச் சலுகை. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச சமவாயங்களை ஒழுங்காக நடைமுறைப்படுத்தினால் எங்கள் பொருள்கள் பலவற்றுக்கு அவர்கள் வரி வாங்க மாட்டார்கள். தவறினால் எடுத்துவிடலாம். எடுத்தும் இருக்கிறார்கள். 2005இல் கிடைத்த சலுகை 2010 ஓகஸ்ட் 15 முதல் நிறுத்தப்பட்டது. சிவில் அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடை, சிறுவர் உரிமை ஆகிய மூன்று சமவாயங்களையும் இலங்கை நடைமுறைப்படுத்தவில்லை என்பது காரணம். 2017 மே மாதம்தான் அது திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட ஏழு வருடத்தில் சலுகையோடு பூச்சிய வரியில் போன ஆடைகள் ஏறக்குறைய 9.6 சதவீத வரி கட்டிப் போயின. சட்டை ஒன்றுக்குச் சில சதம் வித்தியாசத்திலேயே ஓடர் கைமாறும் தொழில் இது. அந்த 9.6 சின்ன எண் இல்லை.

சுதந்திர வர்த்தக உடன்படிக்கை வேறு விதம். இரண்டு பக்கமும் கொடுத்து வாங்குவது. ஒருமுறை கையெழுத்தாகி நடைமுறைக்கு வந்தால், ஒரு நாட்டில் உரிமை மீறல் நடக்கிறது என்பதற்காக அதை யாரும் இலகுவில் நிறுத்துவதில்லை. இந்த வேறுபாடு பிடிபட்டால் மீதி எல்லாம் விளங்கும். சலுகையைப் பொறுத்தவரை, கொடுத்த பிறகும் கேள்வி கேட்கும் பிடி கையில் இருக்கிறது. உடன்படிக்கையில் அந்தப் பிடி கையெழுத்துக்கு முன்னால்தான். பேனாவை மூடிய பிறகு மனு எழுதலாம், ஊர்வலம் போகலாம், பலன் மிகக் குறைவு.

சரி, சலுகையை நிறுத்தியதால் எங்களுக்கு நியாயம் கிடைத்ததா? இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். 2006 ஜனவரி 2 அன்று எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் ஓகஸ்ட் 4 அன்று மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். மாணவர் கொலை வழக்கில் சந்தேகநபர்களாக இருந்த 13 விசேட அதிரடிப்படையினரும் 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்கள். சலுகை போனது, பிறகு வந்தது, இந்தக் குடும்பங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்தது. அதை நீக்கும்படி ஐரோப்பியப் பாராளுமன்றம் 2021 ஜூனில் தீர்மானம் போட்டது, சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றியும் பேசியது. அடுத்த வருடம் இங்கே வந்தது ஒரு திருத்தம் மட்டும். அந்தத் திருத்தம்கூட அழுத்தம் இல்லாமல் வந்திருக்காது என்றே நினைக்கிறேன், ஆனால் இது என் ஊகம்தான். எது எதனால் நடந்தது என்று கத்தரித்துப் பிரித்துக் காட்ட யாராலும் முடியாது.

தண்டனை விழுகிற இடமும் பிரச்சினைதான். 2015 ஜனவரியில் ஐரோப்பா இலங்கை மீன் இறக்குமதியைத் தடுத்தது. ஆழ்கடலில் எங்கள் நாட்டுப் பலநாள் படகுகள் ஒழுங்கில்லாமல் மீன் பிடிக்கின்றன, அரசு கண்காணிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. 2016 நடுப்பகுதியில் தடை நீங்கியது. அந்தக் காலத்தில் ஒருநாள் காலை ஒரு வாடியில் நின்றிருந்தேன். சூரை வந்து இறங்கியிருந்தது. வியாபாரி தராசைப் பார்க்காமலே விலையைச் சொன்னார். படகுக்காரர் ஒன்றும் பேசவில்லை. ஐஸ் உருகுவதற்குள் விற்றாக வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். அவர் ஒருநாள் படகுக்காரர், அந்தக் குற்றச்சாட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரசெல்ஸில் ஏற்றிய பாரம் எங்கே வந்து இறங்கும் என்பதை அன்று கண்ணால் கண்டேன். ஆனால் அந்தத் தடை வந்த பிறகுதான் படகுகளில் கண்காணிப்புக் கருவி பொருத்தும் வேலை வேகம் பிடித்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்ப்பே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. அதற்குப் பெரிய காரணம் எங்கள் கிழக்கு மாகாணத்திலேயே நடந்த ஒரு வழக்கு. உலகமெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஓர் இறால் பண்ணை இருந்தது. அதில் ஹொங்கொங் கம்பனி ஒன்றுக்குப் பங்கு. 1987 ஜனவரி 28 அன்று அரச படையின் நடவடிக்கை அந்தப் பகுதியில் நடந்தது. பண்ணை அழிந்தது, பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். பண்ணை ஊழியர்கள் 20 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாகக் கம்பனியே தன் மனுவில் சொன்னது. இலங்கையும் பிரித்தானியாவும் 1980இல் செய்துகொண்ட முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை ஹொங்கொங்குக்கும் பொருந்தியது. அதை வைத்து அந்தக் கம்பனி உலக வங்கியின் கீழ் இயங்கும் முதலீட்டுப் பிணக்கு மன்றத்துக்குப் போனது. இரு நாட்டு முதலீட்டு உடன்படிக்கை ஒன்றின் பலத்தில் அந்த மன்றத்தில் நடந்த முதல் வழக்கே அதுதான். பண்ணையை அழித்தது யார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்றாலும், அழிவைத் தடுக்க அரசு உரிய கவனம் எடுக்கவில்லை என்று 1990 ஜூனில் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. கம்பனிக்கு 4,60,000 அமெரிக்க டொலரும் வட்டியும் கிடைத்தன.

செத்த ஊழியர்களின் குடும்பங்களுக்கு அந்த மன்றத்தில் கதவே இல்லை. தீர்ப்பு அநியாயம் என்று சொல்ல மாட்டேன். எழுதியிருந்த சட்டத்தின்படி கம்பனிக்கு உரிமை இருந்தது, வழக்காடியது, பெற்றது. ஆனால் ஒரே நாளில், ஒரே பண்ணையில், ஒரே சம்பவத்தில் நடந்த இரண்டு இழப்புகளில் இறாலுக்கும் குளத்துக்கும் மூன்றரை வருடத்தில் சர்வதேச மன்றத்தில் தீர்ப்பு வந்தது. மனிதர்களுக்கு அப்படி ஒரு மன்றமே எழுதப்பட்டிருக்கவில்லை. இன்றைய சுதந்திர வர்த்தக உடன்படிக்கைகள் பலவற்றில் இதே முதலீட்டுப் பாதுகாப்பு ஓர் அத்தியாயமாக உள்ளே இருக்கிறது. சம்பூரில் 2006இல் சனம் இடம்பெயர்ந்த பிறகு 818 ஏக்கர் காணி முதலீட்டு வலயத்துக்கென்று ஒதுக்கப்பட்டு, 2015இல்தான் மக்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் முடிவு வந்தது. இனி அப்படி ஒரு காணியை விடுவிக்க ஓர் அரசு நினைக்கும்போது, முதலீட்டாளர் வழக்குப் போடுவாரோ என்று தயங்கும் நிலை வரலாம். உடன்படிக்கை ஒன்றின் வரைவு கைக்கு வந்தால் நான் முதலில் புரட்டுவது அந்த அத்தியாயத்தைத்தான்.

இப்போது பல உடன்படிக்கைகளில் தொழிலாளர் அத்தியாயம் சேர்க்கிறார்களே, அது போதாதா என்று கேட்பார்கள். அத்தியாயம் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. குவாத்தமாலாத் தொழிற்சங்கங்களும் அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் 2008இல் ஒரு முறைப்பாடு கொடுத்தன. மத்திய அமெரிக்க நாடுகளோடு அமெரிக்கா செய்த உடன்படிக்கையில் அதற்கு இடம் இருந்தது. தீர்ப்பு வந்தது 2017இல். சில தொழிலகங்களில் சட்டம் அமலாகவில்லை என்று நடுவர் குழு ஒப்புக்கொண்டது. ஆனால் அது வர்த்தகத்தைப் பாதிக்கும் விதத்தில் நடந்ததாகக் காட்டப்படவில்லை என்று வழக்கைத் தள்ளியது. ஒன்பது வருடம் காத்திருந்தவர்களுக்கு ஒரு வாக்கியம். தென் கொரியாவில் கதை கொஞ்சம் பரவாயில்லை. சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய சமவாயங்களை ஏற்க முயற்சி எடுப்பதாக ஐரோப்பாவோடு செய்த வர்த்தக உடன்படிக்கையில் கொடுத்த வாக்கை அந்த நாடு வருடக்கணக்கில் இழுத்தது. அந்த உடன்படிக்கையின் கீழ் அமைத்த நிபுணர் குழு 2021 ஜனவரியில் கொரியச் சட்டத்தில் குறை இருக்கிறது என்று சொன்னது. சில மாதங்களில் அந்தச் சமவாயங்களைக் கொரியா ஏற்றுக்கொண்டது.

மெக்சிக்கோவில் நடந்ததுதான் எனக்கு நம்பிக்கை தந்தது. அமெரிக்கா, மெக்சிக்கோ, கனடா மூன்றும் செய்து 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்க உடன்படிக்கையில், நாட்டின் மீது இல்லாமல் ஒரு குறிப்பிட்ட தொழிற்சாலையின் மீதே விரைவாக முறைப்பாடு கொடுக்க வழி வைத்தார்கள். அடுத்த வருடமே சிலாவோ நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் ஆலையில் தொழிலாளர் வாக்கெடுப்பில் முறைகேடு என்று அது பயன்படுத்தப்பட்டது. வாக்கெடுப்பு மீண்டும் நடந்தது. பழைய சங்கத்தின் ஒப்பந்தத்தைத் தொழிலாளர்கள் நிராகரித்தார்கள். 2022 பெப்ரவரியில் சுதந்திரமான புதிய சங்கம் ஒன்றைத் தெரிவு செய்தார்கள், அதே வருடம் சம்பளம் 8.5 சதவீதம் ஏறியது. இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எந்த ஆலையில் தவறு நடந்ததோ அந்த ஆலைக்குத்தான் அழுத்தம். பக்கத்து ஆலைத் தொழிலாளிக்கு வேலை போகவில்லை. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். சில வருடத்துக்கு முன் தோப்பூர்ப் பக்கமிருந்து ஒரு பெண் பிள்ளை வந்தார், இருபத்துமூன்று வயது. ஆடைத்தொழிற்சாலை ஒன்றில் தையல் லைனில் வேலை. முதலில் பே ஷீட்டை எடுத்து மேசையில் விரித்தார். நாலாக மடித்து மடித்து மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் போகவில்லை, அதற்கு முழு மாத வருகைக் கொடுப்பனவும் வெட்டு. பிறகு தயங்கித் தயங்கி இன்னொரு தாளை எடுத்தார். சி.ஆர். கொப்பியில் கிழித்த ஒற்றை. அதில் ஏழு பெயர், ஏழு கையெழுத்து, இரண்டு மொழியில். எங்கள் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் பதியலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தாள் சுப்பவைசர் கண்ணில் பட்ட மறுநாள் ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னிடம் வரும்போது இரண்டு பெயர்மீது பேனாவால் கோடு இழுத்திருந்தது. இழுத்தது அந்தப் பெயருக்குரியவர்களேதான்.

சட்டம் இல்லாத நாடு இல்லை எங்கள் நாடு. 1999இல் கைத்தொழில் பிணக்குச் சட்டத்தைத் திருத்தினார்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பழிவாங்குவது குற்றம். தொழிலாளரில் 40 சதவீதம் பேர் உறுப்பினராக இருந்தால் முதலாளி பேச்சுவார்த்தைக்கு மறுக்க முடியாது. ஆனால் ஏழு பேரையே ஒரு நாளில் ஐந்தாக்கிவிட்டால் 40 சதவீதத்துக்கு எப்போது போவது? பழிவாங்கலுக்கு வழக்குத் தொடரும் அதிகாரமும் தொழில் திணைக்களத்திடம்தான், தொழிலாளி நேராக நீதிமன்றம் போக முடியாது. அந்தப் பிள்ளையின் முறைப்பாட்டை எழுதிக் கொடுத்தோம். விசாரணைத் திகதி வருவதற்குள் அவர் வேலையை விட்டுவிட்டார். மெக்சிக்கோவில் இருந்ததைப் போல வேகமான ஒரு வழி எங்கள் உடன்படிக்கைகளில் இருந்திருந்தால் அந்தத் தாளில் ஏழு பெயரும் இருந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கோடு இழுப்பதற்கு முன் அந்த இருவரும் ஒருதடவை யோசித்திருப்பார்கள்.

எதிர்ப்பாளர்கள் மீது உங்களுக்கிருக்கும் சந்தேகத்தையும் தள்ளிவிட முடியாது. பணக்கார நாடுகளில் தொழிலாளர் உரிமை பேசுகிற எல்லோருக்கும் எங்கள் அக்காமார் மீது அக்கறை என்று சொல்ல முடியாது. தங்கள் ஊர் ஆலையைக் காப்பாற்றவும் அதே பேச்சு உதவுகிறது. வளரும் நாடுகள் இதைச் சொல்லித்தான் 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் தொழிலாளர் நிபந்தனையை வர்த்தக விதிகளுக்குள் கொண்டுவர விடவில்லை. அது சர்வதேசத் தொழில் அமைப்பின் வேலை என்று பிரகடனத்தில் எழுதினார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் அடிப்படைத் தொழிலாளர் உரிமை என்று சர்வதேசத் தொழில் அமைப்பு வகுத்தவை சங்கம் அமைப்பது, கூட்டாகப் பேரம் பேசுவது, கட்டாய வேலை கூடாது, சிறுவர் வேலை கூடாது, பாகுபாடு கூடாது, 2022 முதல் பாதுகாப்பான வேலையிடம், இவ்வளவுதான். சம்பளம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று அதில் ஓர் இடத்திலும் இல்லை. குறைந்த கூலி என்ற எங்கள் போட்டிப் பலத்தை அது பறிக்காது. ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் அறைக்குக் கூப்பிடக்கூடாது என்பதை மட்டும்தான் கேட்கிறது. அதைக்கூடக் கொடுக்க முடியாத போட்டிப் பலம் எங்களுக்கு எதற்கு?

ஆகவே என் நிலைப்பாடு இது. ஏற்கெனவே இருக்கும் சலுகையைப் பறிக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதைப் பறித்தால் முதல் அடி உங்கள் அக்காவுக்கு. ஆனால் புதிய உடன்படிக்கை ஒன்றில் முதலீட்டாளருக்கு வழக்குப் போடும் உரிமை இருந்து, தொழிலாளிக்கு முறைப்பாடு கொடுக்கும் உரிமை இல்லையென்றால், அதைக் கையெழுத்தாகும் முன் எதிர்ப்பேன், வெளிப்படையாக எதிர்ப்பேன். இன்னும் வராத வேலையைத் தள்ளிப்போடுவதும் ஓர் இழப்புதான், அதை மறைக்கவில்லை. ஆனால் நாடுகள் இறங்கிவருவது அந்த நேரத்தில்தான். ஐரோப்பாவோடு உடன்படிக்கைக்காக வியட்நாம் 2019இல் கூட்டுப் பேரம் பற்றிய சமவாயத்தை ஏற்றது. சங்கம் அமைக்கும் உரிமைச் சமவாயத்தை அப்போது ஏற்கவில்லை. அதற்குள் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்துவிட்டது. கொலம்பியாவில் தொழிற்சங்கவாதிகள் கொல்லப்படுவதைக் காட்டி அமெரிக்காவோடான உடன்படிக்கை 2006இலிருந்து 2012வரை தள்ளிப்போனது. 2011இல் ஒரு செயல்திட்டம் எழுதவைத்தார்கள். உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த பிறகும் கொலைகள் நிற்கவில்லை. எவ்வளவு வாங்கவேண்டுமோ அவ்வளவையும் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும் என்பதைத்தான் இவை எனக்குக் காட்டின.

எங்கள் பக்கம் பார்த்தால், இந்தியாவோடு 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை பொருள்களின் சுங்கவரியைப் பற்றியது. தொழிலாளர் பற்றி அதில் தனி அத்தியாயம் கிடையாது. சிங்கப்பூரோடு 2018இலும் தாய்லாந்தோடு 2024இலும் கையெழுத்தானபோது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? கலந்துரையாடல் என்று ஒருமுறை எனக்கு அழைப்பு வந்தது. கொழும்பில் ஒரு ஹோட்டல், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, எல்லாம் ஆங்கிலத்தில். வர்த்தகச் சங்கத்தினர் இருந்தார்கள், கம்பனிச் சட்டத்தரணிகள் இருந்தார்கள். தைக்கிறவர் ஒருவர்கூட இல்லை. இருக்க முடியாது. செவ்வாய்க்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் அந்த மாத வருகைக் கொடுப்பனவு போய்விடும்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் இருக்கும்போது, வேலையில் எதை மாற்றவேண்டும் என்று அவரிடம் கேட்டு, அவர் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், தொழிற்சாலையின் பெயரும் வேண்டாம். அடுத்த உடன்படிக்கைக்குக் கருத்துக் கேட்கும்போது அதை மொழிபெயர்த்து அனுப்புகிற வேலையை நான் செய்கிறேன்.